வண்டிச் சட்டகமும் நமது கைகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும், சொல்லப்போகும் வேலையைச் செய்தவர்கள் மூவர். ஆகையால் இவ்வுரை முழுவதிலும் 'நாங்கள்' என்றே சொல்லுகின்றோம். இதனைச் செருக்கென்று கொள்ளாதிருப்பீர்களாக.

சமய உண்மைகளையும் இலக்கிய நயங்களையும் கேட்கலாமென்று வந்திருக்கும் உங்கள் முன்னே, ஒரு மோட்டார் சைக்கிளின் சட்டகத்தை வீட்டு முற்றத்தில் வைத்துக் கழற்றிய கதையைச் சொல்வது பொருந்துமோ என்று முதலில் அஞ்சினோம். பின்னர், காரைதீவிலே 1892ஆம் ஆண்டு தோன்றிய சுவாமி விபுலாநந்தரை நினைத்துத் துணிவு கொண்டோம். துறவியாகுமுன் அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். அழிந்துபோன யாழை மீண்டும் அறிந்துகொள்ளக் கணக்கும் அளவும் துணையாகக் கொண்டு 'யாழ் நூல்' செய்தவர். கருவியைத் தொடுவது கல்விக்கு இழிவு என்று அவர் எண்ணியிருப்பாராயின் அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

நிற்க. கதைக்கு வருவோம்.

எங்கள் பல்கலைக்கழகம் இவ்வூரிலே இருக்கின்றது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நாங்கள் மூவரும் மிஷன் பாடசாலைகளிற் படித்து இங்கு வந்து, ஊருக்குள்ளே ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவர்கள். வந்தவர் ஆறும் மூலை என்பதே இவ்வூர்ப் பெயரின் பொருள் என்று பெரியோர் சிலர் சொல்வர். எங்களைப் பொறுத்தமட்டில் அது மெய்யே.

அடுத்த வளவிலே இருப்பவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். மீன் வியாபாரம் அவர் தொழில். விடியுமுன் களுவன்கேணிக் கரைக்குப் போய் மீன் எடுத்து, செங்கலடிச் சந்தியாலே திரும்பி, பதுளை வீதியிலே கரடியனாறு மட்டும் கூவி விற்றுவருவார். அவரிடமிருந்தது ஒரு நூறு சீசீ மோட்டார் சைக்கிள். பின்னாலே மரப்பெட்டி; பெட்டிக்குள் மீனும் ஐஸுமாக அறுபது கிலோவுக்குக் குறையாது. அவ்வண்டி ஓடினால் அந்த வீட்டில் உலை கொதிக்கும், நின்றால் கொதியாது.

சென்ற ஆண்டு அவ்வண்டியின் இருக்கைக்குக் கீழே, இடப்பக்கத்து ஷொக் அப்சோபர் பூட்டும் இடத்தில், சட்டகக் குழாய் கீறிவிட்டது. மாமா வீதியோரத்து ஒட்டுக்கடை ஒன்றிலே வண்டியை நிறுத்தினார். ஒன்றையும் கழற்றாமல், கறையும் பெயின்ற்றும் இருந்தபடியே, கால்மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓடிற்று. பின்பு ஒருநாள், உயர்தரம் படிக்கும் தம் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகும் வழியில், பள்ளமொன்றில் விழுந்தெழும்பிய வண்டி இடுப்பொடிந்தது போலச் சரிந்தது. பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பின்னால் ஒரு லொறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

புதுவண்டி வாங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே, 2022இல், வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கு மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்ற காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பழைய வண்டியின் விலையே பன்மடங்காயிற்று. வாரத் தவணைக்கு நுண்கடன் எடுத்த குடும்பம் புதுவண்டியைக் கனவில்தான் காணலாம். ஆகவே, உள்ள வண்டியைச் செம்மையாகத் திருத்துவதொன்றே வழி.

இனி, சட்டகம் என்பது யாது? பட்டறையிலே அதனைச் 'சேசி' என்பர். மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, வண்டிக்குச் சட்டகம் அப்படி. எஞ்சின், தாங்கி, இருக்கை, முன்கவடு, பின்கவடு யாவும் அதிலேதான் தொங்குகின்றன. 1885இல் ஜெர்மனியிலே டெய்ம்லரும் மேபாக்கும் செய்த முதல் மோட்டார் ஈருருளியின் சட்டகம் மரத்தாலானது. இன்று அது உருக்குக் குழாய். குழாய் முறிந்தால் மற்றவையெல்லாம் புதிதாயிருந்தும் பயனில்லை.

உருக்குக் குழாய் ஏன் முறிந்தது? பாரம் ஒருமுறை அழுத்தியதால் அன்று, பன்முறை அழுத்தியதால். ஒரு கம்பியை எடுத்து ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. அங்குமிங்குமாக வளைத்துக்கொண்டேயிருந்தால் கையோடு வந்துவிடும். மாமாவின் வண்டி ஒரு கிலோமீற்றருக்கு நூறு குலுக்கல் குலுங்குகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு 4,000 குலுக்கல்; ஆண்டில் முந்நூறு நாள் ஓடினால் 12 இலட்சம். இந்த இரும்புச் சோர்வை மனிதகுலம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1842ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சிலே வெர்சாய் நகரிலிருந்து திரும்பிய புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மனியைச் சேர்ந்த வேலர் என்னும் பொறியியலாளர் அச்சுகளை இலட்சக்கணக்கான முறை வளைத்துச் சோதித்து, சிறு பாரமும் பன்முறை வந்தால் கொல்லும் என்று காட்டினார். அதற்குப் பின்னும், 1954இல் கொமெற் என்னும் ஜெற் விமானங்கள் இரண்டு, உடற்றகட்டின் திறப்பொன்றின் மூலையிலே தொடங்கிய கீறலால் வானத்திலேயே பிளந்தன என்பதை விசாரணை கண்டறிந்தது. கீறல் சிறிதென்று எண்ணற்க.

இதனோடு நமது ஊரின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். மீன்பெட்டியிலிருந்து வடிகின்ற உப்புநீர் நேரே சட்டகத்தின் வாலிலே விழுகின்றது. பெட்டியோ பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுத் துலாவை அறிந்தவர்களுக்கு இதன் தீமை புரியும். ஓரடி தூரத்தில் அறுபது கிலோ செய்யும் வேலையை இரண்டடி தூரத்தில் முப்பது கிலோவே செய்துவிடும். பெட்டி பின்னே தள்ளத் தள்ள, ஷொக் அப்சோபர் பூட்டிய இடமே அத்தனை வளைவையும் தாங்கிற்று.

அப்படியாயின், சட்டகத்தைத் தனியே கழற்றாமல் ஒட்டினால் என்ன? நான்கு காரணங்களால் அது தவறு. முதலாவது, பெற்றோல் தாங்கி. வெறுமையாயிருக்கும் தாங்கியிலேதான் ஆவி நிறைந்திருக்கும்; ஒரு பொறி போதும். இரண்டாவது, மின்னொட்டின் மின்சாரம் வண்டியின் வயர்களிலும் மின்கருவிகளிலும் பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். மூன்றாவது, கீறலின் உட்பக்கம் பற்றரிப் பெட்டியால் மறைந்திருக்கும். முன்பு ஒட்டியவர்கள் வெளிப்பக்கத்தை மாத்திரமே ஒட்டினார்கள். உட்பக்கம் வாய் திறந்தபடியே கிடந்தது. நான்காவது, சூட்டினால் இரும்பு இழுபட்டுக் கோணும். கோணியதா இல்லையா என்று அளக்கச் சட்டகம் தனியே இருக்க வேண்டும்.

மாமா முதலில் இணங்கவில்லை. "நீங்க படிக்கிற பிள்ளையள். கழட்டிப்போட்டுப் பூட்டத் தெரியாட்டி எண்ட சோத்தில மண்தான் மகன்" என்றார். அவர் அஞ்சியதிலே நியாயமுண்டு. ஆழம் அறியாமற் காலை விடலாகாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஓர் உறுதி செய்துகொண்டோம். பாடசாலை ஆய்வுகூடத்திலே எங்களுக்குப் பழக்கிய வழக்கம் ஒன்றுண்டு: எழுதிவைக்காமல் எதையும் தொடாதே என்பது. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்தோம். கழற்றும் ஒவ்வொன்றையும் வரிசையெண் இட்டு எழுதுவது. அதன் நட்டையும் போல்ட்டையும் தனித்தனிப் பால்மாப் பேணியிலே போட்டு அதே எண்ணை ஒட்டுவது. பூட்டும்போது கடைசி எண்ணிலிருந்து திரும்பி வருவது. கைத்தொலைபேசியால் படமும் எடுத்தோமாயினும், கொப்பியே கடைசிவரை கைகொடுத்தது.

முதல்நாள் மாலை துருப்பிடித்த நட்டுகள் எல்லாவற்றிலும் எண்ணெய் விட்டு இரவு ஊறவிட்டோம். இதைச் சொல்லித்தந்தவர் சந்தியிலே சைக்கிள் திருத்தும் ஐயா. இறுகிய நட்டைக் கழற்றுமுன் சிறிதே இறுக்கிப் பார், துரு உடையும். பிறகு கழற்று என்றார். பதின்மூன்று ஆண்டு படித்த எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாட் காலையில் தொடங்கினோம். வேப்பமர நிழலிலே பலகை விரித்து வண்டியை நிறுத்தினோம். நடுநிலைக் கால் சட்டகத்திலே பூட்டப்பட்டிருப்பதால், அது கழன்றபின் வண்டி எதில் நிற்கும் என்று முன்னரே எண்ணி, எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கினோம். பின்பு கழற்றிய ஒழுங்கு இதுவாகும்.

முதலில் பற்றரி, அதிலும் எதிர்முனை வயர் முதலாவது. அடுத்து இருக்கையும் பக்கமூடிகளும். அதன்பின் பெற்றோலைத் திறந்த வெளியிலே கலனில் வடித்து மூடி, அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வைத்து, தாங்கியைக் கழற்றி அப்பாற்படுத்தினோம். அந்நேரம் முற்றத்தில் பீடி பற்றவைக்க வந்த ஒரு பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தோம். பின் சைலன்சர், காபரேற்றர், கிளச் கேபிள், அக்சிலேற்றர் கேபிள், மீற்றர் கேபிள். அடுத்தது வயர்க்கோவை. ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கத்தும் ஒரே எண் எழுதிய துணித்துண்டைக் கட்டினோம். மூன்றிலே கட்ட மறந்தோம். பூட்டும்போது அந்த மூன்றுமே ஓர் இரவை விழுங்கின.

அதன்பின் சங்கிலியின் பூட்டுக்கண்ணியைக் கழற்றி, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவினோம். எஞ்சினைக் கட்டையின் மேலேயே இருக்கவிட்டுச் சட்டகத்தைத் தூக்குவதா, எஞ்சினை இறக்குவதா என்று வாதாடி, இருவர் பிடித்து எஞ்சினை இறக்கினோம். பின்சில்லு, ஷொக் அப்சோபர், பின்கவட்டின் நீள அச்சு இவை அடுத்து வந்தன. கடைசியில் முன்சில்லு, ஹாண்டில், முன்கவடு.

முன்கவட்டைச் சட்டகத்தின் கழுத்திலிருந்து இறக்கும்போது மிக்க கவனம் வேண்டும். அங்கே மேற்கிண்ணத்திலும் கீழ்க்கிண்ணத்திலும் சிறு இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. ஹாண்டில் இலேசாகத் திரும்புவது அவற்றாலேதான். கீழே பழைய சீலையை விரித்து இறக்கியும், குண்டுகள் சிதறின. எண்ணிப் பார்த்தபோது கீழ்க்கிண்ணத்தில் ஒன்று குறைந்தது. மாமி வளர்க்கும் கோழிகள் கிளறிய மணலிலே அரைமணி நேரம் தேடினோம். கை முறிந்திருந்த பிள்ளையே திண்ணையிலிருந்து அதைக் கண்டு, "அந்தா, தொட்டாச்சிணுங்கிக்குக் கீழ மினுங்குது" என்று சொல்லி எடுப்பித்தாள்.

மாலையில் சட்டகம் தனியே நின்றது. ஒருவர் தோளிலே தூக்கக்கூடிய பாரந்தான். இவ்வளவு மெலிந்த ஒன்றின் மேலா ஒரு குடும்பம் இத்தனை காலம் ஏறியிருந்தது என்று நாங்கள் வியந்தோம்.

கம்பித் தூரிகையால் கறையும் பெயின்ற்றும் நீங்கத் தேய்த்தபின், பழைய முறையொன்றைச் செய்து பார்த்தோம். ஐயமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சற்றுநேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவ வேண்டும். கீறலிருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெண்டூளிலே கருங்கோடாகத் தெரியும். இடப்பக்கத்துக் கீறல் நாங்கள் எதிர்பார்த்ததே. வலப்பக்கத்திலும், அதே இடத்தில், அரைவட்டத்துக்கு மேலாக ஒரு கோடு மெல்ல எழும்பி வந்தது. பெயின்ற்றின் கீழே இருந்த அதனை அதுவரை ஒருவரும் கண்டதில்லை.

இங்கேதான் எங்களுக்கு உண்மையான சோதனை வந்தது. இடப்பக்கம் மாத்திரமாயின் மறுநாளே ஒட்டிப் பூட்டிவிடலாம். இரு பக்கமும் என்றால் இன்னும் நாலு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை கடன் தவணை. மாமா சொன்னார்: "வலப்பக்கம் மயிரளவு கீறல்தானே. ஓடுமட்டும் ஓடட்டும். பிறகு பாப்பம் மகன்." வண்டி அவருடையது, பசியும் அவருடையது. நாங்கள் மாதம் முடிந்தால் வீட்டிலிருந்து காசு வரும் பிள்ளைகள். அவருக்குப் பொறுமை போதிக்க எங்களுக்கு என்ன தகுதி?

ஆயினும், கண்ட பின் மூடுவது காணாமலிருந்ததற்கு ஒப்பாகாது. நாங்கள் வாதிக்கவில்லை. அவரையே அழைத்து, வெண்டூளை ஊதித் துடைத்து, மீண்டும் தூவிக் காட்டினோம். கோடு மீண்டும் எழும்பிற்று. அவர் பேசாமல் நின்றார். பேசியவர் மாமி. "இது மீனுக்கு மட்டும் வண்டியில்ல. எண்ட பிள்ளை ஏறுற வண்டி. முடிச்சுத் தாங்க தம்பி" என்று சொல்லி, சீட்டுக்காசில் முன்பணம் கேட்க அயல்வீட்டுக்குப் போனார். எங்கள் சைக்கிள்கள் இரண்டையும் மாமாவிடம் கொடுத்தோம். விடியற்காலத்தில் எங்களில் ஒருவர் அவரோடு களுவன்கேணிக்குப் போனார். வழக்கமான மீனிலே பாதியைத்தான் அந்நாட்களில் விற்க முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒட்டுவேலையை நாங்கள் செய்யவில்லை. கழற்றுவது எங்கள் கைக்கு எட்டியது. ஒட்டுவது ஆண்டுக்கணக்காகக் கற்ற தொழில். ஏறாவூரிலே அனுபவமுள்ள ஒரு நானாவிடம் சட்டகத்தை ஓட்டோவிலே கொண்டுபோனோம். அவர் முதலிற் கேட்ட கேள்வி, "பெற்றோல் தாங்கி எங்க தம்பி?" என்பதே. வீட்டில் விட்டுவந்தோம் என்றதும், "அப்ப சரி, உள்ள வாங்க" என்றார். பழைய ஒட்டைப் பார்த்துவிட்டு, "பெயின்ற்றுக்கு மேல ஒட்டினா பெயின்ற்தான் ஒட்டும், இரும்பு ஒட்டாது" என்று சிரித்தார்.

அவர் செய்த முறை இது. கீறல் முடியும் நுனியிலே சிறு துளை போட்டார். ஊசிமுனை போன்ற கீறல் மேலும் ஓடாமல் வட்டத் துளை தடுத்துவிடும். பழைய ஒட்டை முழுவதும் அராவி நீக்கி, கீறலைப் பள்ளமாக்கி, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை துலக்கினார். உடனே முழுவதையும் ஒட்டிவிடவில்லை. இடப்பக்கம் ஒரு பொட்டு, வலப்பக்கம் ஒரு பொட்டு என்று மாறிமாறி வைத்து எங்களை அளக்கச் சொன்னார். கழுத்தின் நடுவிலிருந்து இரு பக்கத்து ஷொக் அப்சோபர் முனைகளுக்கும் உள்ள தூரம் ஒத்திருக்க வேண்டும். தச்சர் கதவு நிலையின் மூலைவிட்டம் இரண்டையும் அளப்பதும் இதே நியாயத்தில்தான். இரண்டு மில்லிமீற்றர் வேறுபட்டது. பொட்டை வெட்டி, நேராக்கி, மறுபடி வைத்து, ஒத்தபின்னரே முழு ஒட்டையும் போட்டார். மேலே வைத்த பலகைத் தகட்டையும் சதுரமாக வெட்டாமல் இரு முனையும் கூர்த்த வடிவில் வெட்டினார். குறுக்கே நேராக முடியும் தகடு அந்த ஓரத்திலேயே புதுக் கீறலை உண்டாக்கும் என்பது அவர் அனுபவம். கொமெற் விமானத்தைப் பற்றி அவர் வாசித்ததில்லை. ஆனால் மூலையின் தீமையை அவர் கை அறிந்திருந்தது.

சூடு தானாக ஆறும்வரை நீர் ஊற்ற வேண்டாமென்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயினுள்ளே எண்ணெய் விட்டு உருட்டி, சிவப்பு ஒக்சைட் பூசி, அதன்மேல் கறுப்புப் பூசினோம். கல்லடியிலே 1924இல் திறந்த பழைய லேடி மனிங் பாலம், பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்த பின்னும் நிற்கின்றதே. உப்புக் காற்றிலே இரும்பு நிற்பது இரும்பின் பலத்தால் மாத்திரமன்று, மனிதர் பூசுவதாலுமாகும்.

கொப்பியைத் தலைகீழாக வாசித்துப் பூட்டினோம். முதல்நாள் பாரமின்றி ஓட்டி, பிறேக்கும் ஹாண்டிலும் பார்த்து, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினோம். மீன்பெட்டியை மாமா தாமே குறுக்கி, அச்சுக்கு மேலே வருமாறு முன்னே தள்ளிப் பூட்டினார். பெரிய சந்தை நாட்களில் ஒரே பாரமாக ஏற்றாமல் இரண்டு தடவை போகிறார். பெற்றோல் செலவு கூடுகிறது என்று இடைக்கிடை எங்களைக் கண்டதும் குறைப்படுவார். பதினொரு மாதமாக மாதந்தோறும் நாங்கள் சோக்குத் தூள் தூவிப் பார்க்கின்றோம். இதுவரை கோடு எழும்பவில்லை.

இளைஞர்களே, இதைக் கேட்டு இன்று மாலையே வீட்டு வண்டியைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். சில எல்லைகளைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஹாண்டில் பூட்டும் கழுத்திலோ பின்கவட்டின் அச்சு பூட்டும் இடத்திலோ கீறல் கண்டால் ஒட்டி ஓடும் எண்ணத்தை விடுங்கள். அது உயிரோடு விளையாடுவது. மோதுண்டு கோணிய சட்டகத்தையும் அவ்வாறே. கழுத்திலே பொறித்திருக்கும் இலக்கத்தை அராவவோ பெயின்ற்றால் அடைக்கவோ கூடாது. சட்டகத்தையே மாற்ற நேர்ந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதிவைத் திருத்த வேண்டும். தெரியாததைத் தெரிந்தவரிடம் கொண்டுபோவது தோல்வியன்று. சைக்கிள் ஐயாவும் ஏறாவூர் நானாவும் இல்லாமல் எங்கள் மூவரின் பட்டப்படிப்பு ஒரு நட்டையும் கழற்றியிராது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஆயுதபூசையன்று நாம் ஸ்பனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் சாத்துகின்றோம். மற்ற நாட்களில் அவை எங்கே கிடக்கின்றன என்று கேட்பாரில்லை. இம்மன்றத்துக்கு ஒரு நல்ல கருவிப்பெட்டி வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஊரிலே உழைப்பவர்களின் வண்டிகளை நிழலில் நிறுத்தி, இருக்கையைக் கழற்றி, சோக்குத் தூள் தூவிப் பார்க்கும் வேலையை இளைஞர்கள் செய்யலாம். கீறல் கண்டால் சொல்வோம். திருத்த வேண்டியதைத் தெரிந்தவரிடம் அனுப்புவோம். அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு பெட்டி சோக்கு, கறை படியச் சம்மதிக்கும் கைகள் இவை போதும்.

அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு கூடிவிட்டது. பரீட்சையும் எழுதினாள். அவள் எங்கள் கொப்பியை இரவலாக வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "வாசிச்சு முடியல்ல அண்ணன்" என்கிறாள். அடுத்த முறை கழற்றும்போது ஸ்பனரை அவள் கையிலே கொடுப்பதென்று நாங்கள் மூவரும் தீர்மானித்திருக்கின்றோம்.